கதவைச் சாத்தியும் தொடரும் தொல்லை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் திருவள்ளூர் வட்டார ஆலைகளுக்கும் நம் கிராமப் பெண்கள் பலர் நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகின்றனர். வழியில் பின்தொடர்ந்து தொல்லை தருபவன், வீட்டுக் கதவைச் சாத்தினால் வெளியே நின்றுவிடுவான். கைப்பேசி வழியே தொடர்பவனோ வீட்டினுள்ளும் வருகிறான். அவன் அடுத்த தெருவிலும் இருக்கலாம். ஆந்திர எல்லைக்கு அப்பாலோ, கடல் கடந்தோ இருக்கலாம். ஆகவே இதனைத் தனிவகைக் குற்றமாக நாம் அறிதல் வேண்டும்.

இது நம் மாநிலத்துக்குப் புதிதன்று. ஒரு பெண்ணைப்பற்றி இணையத்தில் இழிசெய்தி பரப்பியவனுக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரில் தண்டனை விதித்தது. பெண்ணைப் பின்தொடர்தல் 2013-இல் தனிக் குற்றமாயிற்று. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு இதற்குரியது. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பின்னும் மீண்டும் மீண்டும் தொடர்பு கொள்ள முயல்வதும், அவளது இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றமே. இந்தியாவிலுள்ள கணினியைச் சார்ந்து வெளிநாட்டிலிருந்து இழைக்கும் குற்றத்துக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

நாம் செய்யவேண்டுவன சில. வந்த செய்திகளை அழித்துவிடலாகாது. எண்ணும் நாளும் நேரமும் தெரியுமாறு அவற்றைக் காத்து வைத்தல் வேண்டும். குற்றம் எங்கு நிகழ்ந்ததாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். 181 என்னும் மகளிர் உதவி எண்ணும் உண்டு.

பெற்றோருக்கு ஒரு சொல். அஞ்சிய பெண்ணிடமிருந்து கைப்பேசியைப் பறிப்பதும், அவளை வேலையினின்று நிறுத்துவதும் குற்றவாளிக்குரிய தண்டனையை அவளுக்கு விதிப்பதாகும். அவள் வாய்திறந்து சொல்லும் வீடே அவளுக்கு முதற்காவல்.