லோரா மாட்டப் போறியா, தங்கச்சி?

மண் ஈரம் பார்க்கும் சென்சாரை ஆர்டுயினோவில் ஓட வைத்துவிட்டாய், ரொம்ப சந்தோஷம். ஆனால் தென்னந்தோப்பின் கடைசி வரிசைக்கு வீட்டு வைஃபை எட்டாது. சிம் போட்டால் மாதாமாதம் ரீசார்ஜ். மணிக்கு ஒருமுறை நாலைந்து எண்கள் வந்தால் போதும் என்கிற வேலைக்கு நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோதான் சரி. படமோ குரலோ அனுப்ப அது ஆகாது.

இந்தியாவில் உரிமம் வாங்காமல் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதி உண்டு. 868 என்று குறித்த ஆர்எஃப்எம்95 மாட்யூல் இரண்டு வாங்கு, தோப்புச் சென்சாருக்கு ஒன்று, வீட்டு ரிசீவருக்கு ஒன்று. நிரலில் இரண்டுக்கும் 866 வை. 915 அமெரிக்காவுக்கானது, மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மாட்யூல் எரிவது பெரும்பாலும் வயரிங்கில்தான். ஆர்டுயினோ ஊனோவின் பின்கள் 5 வோல்ட் தரும். ஆர்எஃப்எம்95 சிப்புக்கு 3.3தான். எஸ்சிகே, மோசி, என்எஸ்எஸ், ரீசெட் நான்கையும் லெவல் ஷிஃப்டர் வழியாகவே கொண்டு போ. மிசோ நேராகப் போகலாம். ஊனோவின் 3.3 பின்னிலிருந்து சப்ளை எடுக்காதே. அது தருவது 50 மில்லிஆம்பியர். முழு பவரில் அனுப்பும்போது மாட்யூல் 120 வரை இழுக்கும். அனுப்பும் நேரம் பார்த்து எல்லாம் நின்றுபோகிறதா? நிரலைக் குடையாதே, சப்ளையைப் பார். தனி ரெகுலேட்டர் போட்டு, மாட்யூலை ஒட்டியே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வை. ஊனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 இருந்தால் லெவல் ஷிஃப்டரே தேவையில்லை.

ஆன்டெனா இல்லாமல் ஒருமுறைகூட அனுப்பிப் பார்க்காதே, சிப் கெட்டுப்போகலாம். 8.6 செ.மீ. ஒற்றைக் கம்பி வெட்டி சால்டர் செய்தாலே போதும். ஆனால் நேராக நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் செங்குத்தாக. சுருட்டி டப்பாவுக்குள் திணித்தால் வீண். இரும்புப் பெட்டி கூடவே கூடாது. வீட்டு ரிசீவரை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு ஏற்று. பவரைக் கூட்டுவதைவிட இந்த உயரம்தான் தூரம் கொடுக்கும், இதை நம்பு.

அப்புறமும் எட்டவில்லை என்றால் நிரலில் லோராவின் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் அமைப்பை 7லிருந்து ஒவ்வொன்றாக ஏற்று, இரண்டு பக்கமும் ஒன்றுபோல. ஒவ்வொரு படிக்கும் அனுப்பும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பேட்டரியும் அதற்கேற்பக் கரையும். அதனால் தகவலைச் சுருக்கு: 31.4 டிகிரியை 314 ஆக்கி இரண்டே பைட்டில் அனுப்பு.

சென்சாருக்கான கம்பம் நடுமுன் அதைக் கையில் பிடித்துத் தோப்பில் வரிசை வரிசையாக நட. ரிசீவர் காட்டும் சிக்னல் வலிமையை (ஆர்எஸ்எஸ்ஐ) யாரையாவது குறித்துக்கொள்ளச் சொல். −120 dBm-ஐ நெருங்கும் இடத்தில் கம்பம் நடாதே.