நிரூபிக்க வேண்டியது யார்? ஓர் இளம் பேச்சாளருக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

பட்டிமன்றத்தில் ‘கடவுள் இல்லை’ என்ற அணிக்கு உன்னை அழைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. அதற்கு அடுத்த வரியிலேயே, “உண்டு என்று சொல்பவர்கள்தானே நிரூபிக்க வேண்டும், எனக்கு வேலை பாதிதான் அண்ணா” என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நானும் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். நம் பக்கத்து நியாயம் நன்றாகப் பேசப்பட வேண்டும் என்ற அக்கறையில் சொல்கிறேன்: உனக்கு வேலை பாதி இல்லை. மேடையில் நீ எதைச் சொல்லப்போகிறாய் என்பதைப் பொறுத்து அது முழு வேலையாகவே இருக்கலாம்.

கல்லூரி மேடையில் நீ பேசியதன் ஒலிப்பதிவைக் கேட்டேன். குரல், வேகம், சொல் எல்லாமே நன்று. ஆனால் எதிரணிப் பெரியவர் உலகத்தின் ஒழுங்கைப் பற்றித் தொடங்கியதும், “நிரூபியுங்கள் ஐயா” என்று குறுக்கிட்டாய். கைதட்டல் வந்தது. அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார். மறுபடியும் “நிரூபியுங்கள்” என்றாய், மறுபடியும் கைதட்டல். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் தன் வாதத்தைச் சொல்லி முடிக்கவில்லை, நீயும் அதற்குப் பதில் சொல்லவில்லை. அரங்கத்தில் இருந்தவர்கள் வரும்போது கடவுளைப் பற்றி என்ன தெரிந்திருந்தார்களோ அதோடுதான் வீட்டுக்குப் போனார்கள்.

நிரூபிக்கும் பொறுப்பு என்பது நீதிமன்றத்துப் பேச்சு. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் அது 101-ஆம் பிரிவாக இருந்தது, 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தில் 104-ஆம் பிரிவாக இருக்கிறது. சில உண்மைகளைச் சொல்லி அவற்றின் பேரில் தீர்ப்புக் கேட்கிறவர் எவரோ அவரே அந்த உண்மைகளை நிரூபிக்க வேண்டும். மேடையில் நாம் எடுத்துக்கொள்வது இந்த ஒரு பிரிவைத்தான். அதே அத்தியாயத்தில் இன்னும் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று வழக்கு வருகிறது. கடந்த 30 ஆண்டுகளுக்குள் அவர் உயிரோடு இருந்தது தெரிந்தால், இறந்துவிட்டார் என்பவர் நிரூபிக்க வேண்டும். வழக்கமாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்களே 7 ஆண்டுகளாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால் பொறுப்பு அந்தப் பக்கம் மாறுகிறது, இருக்கிறார் என்பவர் நிரூபிக்க வேண்டும். ஆள் ஒருவர்தான், கேள்வியும் ஒன்றுதான். முன்கூட்டியே நமக்கு என்ன தெரியும் என்பதை வைத்துப் பொறுப்பு இடம் மாறுகிறது. ‘உண்டு’ என்று சொன்ன வாயையே அது எப்போதும் பிடித்துக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் கவனி. நீதிபதி கடைசியில் தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும், அதனால் அவருக்கு இந்த விதி தேவைப்படுகிறது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று அவர் எழுந்து போக முடியாது. உன் பேச்சைக் கேட்கிறவர் போகலாம்.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தேநீர்க் கெண்டியை நீ கட்டாயம் எடுப்பாய், எல்லோரும் எடுக்கிறோம். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றி வருகிறது, தொலைநோக்கியில் தெரியாத அளவுக்குச் சின்னது, இல்லை என்று உங்களால் காட்ட முடியாததால் நம்புங்கள் என்று ஒருவன் சொன்னால் ஏற்போமா என்று 1952-இல் எழுதினார். வலுவான கேள்விதான். எதிரணியில் படித்தவர் இருந்தால் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா சொன்ன மறுப்பைக் கொண்டு வருவார்: கெண்டி அங்கே இல்லை என்பதற்கு நம்மிடம் நிறையவே சான்று இருக்கிறது. கெண்டியை மனிதர்கள் செய்கிறார்கள், அது அங்கே போக யாராவது ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும், அப்படி அனுப்பியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும். ஆக, சான்றே இல்லாமல் நாம் கெண்டியை மறுக்கவில்லை, சான்றோடுதான் மறுக்கிறோம். கடவுள் விஷயத்தில் அதற்கு ஈடாக உன்னிடம் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கெண்டியை எடு.

ரஸ்ஸல் தன் அளவில் எச்சரிக்கையாகவே இருந்தார். 1948 ஜனவரி 28 அன்று பிபிசி வானொலியில் இயேசு சபைப் பாதிரியார் கோப்பிள்ஸ்டனும் அவரும் விவாதித்தார்கள். கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியும் என்கிறீர்களா என்று பாதிரியார் தொடக்கத்திலேயே கேட்டார். இல்லை, என் நிலை அறியவொணா நிலைதான் என்று ரஸ்ஸல் சொல்லிவிட்டார். அந்த ஒரு பதிலால் தனக்குரிய பொறுப்பின் அளவை அவரே தீர்மானித்துக்கொண்டார். ஆனால் உலகம் முழுவதற்கும் ஒரு காரணம் வேண்டாமா என்ற கேள்விக்கு வந்தபோது, அந்தக் கேள்விக்கே பொருளில்லை, உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று நின்றுகொண்டார். சதுரங்கப் பலகை முன் உட்காரவே மறுப்பவரை யாரும் தோற்கடிக்க முடியாதுதான் என்றார் கோப்பிள்ஸ்டன். நம் ஆள் என்பதற்காகச் சொல்லாமல் விட மாட்டேன்: அந்த இடத்தில் பாதிரியார் சொன்னது சரி.

தத்துவ அறிஞர் ஆண்டனி ஃப்ளூ 1972-இல், குற்றவாளி என்று நிரூபிக்கும்வரை ஒருவர் நிரபராதி என்பதைப் போல விவாதம் நாத்திகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எழுதினார். அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அவர் போட்ட நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். அவர் அங்கே சொன்ன நாத்திகர் ‘கடவுள் இல்லை’ என்று அடித்துச் சொல்கிறவர் இல்லை, நம்பிக்கை இல்லாமல் இருக்கிறவர் மட்டுமே. உன் அணியின் தலைப்பு அந்த இடத்தைத் தாண்டிப் போகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இங்கேதான் இருக்கிறது. ஆத்திகர் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி என்று நினைத்துப் பேசாதே. நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றியே அவர்களுக்குள் பெரிய சண்டை நடந்திருக்கிறது.

13-ஆம் நூற்றாண்டு மெய்கண்டார் அந்தப் பொறுப்பை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டவர். சிவஞானபோதத்தின் அமைப்பைப் பார். 12 சூத்திரங்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, இது என் மேற்கோள் (நிறுவ வேண்டிய கருத்து), இதற்கு ஏது (காரணம்) இது, எடுத்துக்காட்டு இது என்று வைத்துக்கொண்டே போகிறார். முதல் சூத்திரமே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு ஒரு கர்த்தா வேண்டும் என்ற வாதம். அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்துக்கொள்கிறார், தொடக்கமே கடவுளை ஏற்காத உலகாயதன். முதலில் அவன் கட்சி, அவன் பேசுகிற வலுவோடு. அதன் பிறகே மறுப்பு. நம் எதிரிக்கு நாம் அப்படி இடம் கொடுத்திருக்கிறோமா என்று அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ராமானுஜர் வேறு வழி. ஸ்ரீபாஷ்யத்தில் பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம், முதல் பாதம், மூன்றாம் சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையை யாரிடமாவது பாடம் கேட்டுப் படி. குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல உலகத்துக்கு ஒருவன் இருக்க வேண்டும் என்கிற நையாயிகரின் (நியாய மரபுத் தர்க்கவாதிகளின்) அனுமானத்தை அவர் துண்டு துண்டாக்குகிறார். மலையும் கடலும் ஒரே சமயத்தில், ஒருவராலேயே உண்டாக்கப்பட்டன என்பதற்கு என்ன ஆதாரம்? பெரிய வேலைகளைப் பலர் சேர்ந்தும், பல காலங்களிலும் செய்வதைத்தானே பார்க்கிறோம்? நாம் கண்ட குயவனுக்கெல்லாம் உடம்பு இருக்கிறதே, அவன் எல்லாம் அறிந்தவனும் இல்லையே? இந்த அனுமானம் தேறினாலும் உடம்பும் குறையும் உள்ள ஒருவனைத்தான் காட்டும். ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் இதே தடங்களில் எழுதிய நூல் 1779-இல்தான் வெளிவந்தது. ராமானுஜர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர், அதுவும் திருவரங்கத்தில் பெருமாளுக்கு வாழ்நாளைக் கொடுத்த பக்தர்! கடவுளைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது, சாஸ்திரத்தால் மட்டுமே அறிய முடியும் என்பது அவர் முடிவு.

அப்படிப்பட்ட ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் உன் “நிரூபியுங்கள்” என்னவாகும்? “முடியாது என்றுதானே அம்மா நானும் சொல்கிறேன்” என்பார். அதோடு உன் கையிருப்பு தீர்ந்துவிடும். அவரிடம் நீ கேட்க வேண்டியது வேறு: சாஸ்திரத்தை எதற்காக நம்ப வேண்டும், பல சாஸ்திரங்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது எதை எடுப்பது? இவை கடினமான கேள்விகள், அவருக்கும் உனக்கும்.

நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை தேடி இரு பக்கமும் பேசுவது வாதம். வெல்வதற்காகவே பேசுவது ஜல்பம். தன் கட்சி எதையும் நிறுவாமல் எதிராளியை மறுப்பதோடு நின்றுவிடுவது விதண்டை. நாம் அன்றாடம் திட்டுகிற விதண்டாவாதம் இதுதான். ‘இல்லை’ என்ற தலைப்பை ஏற்றுக்கொண்டு, பொறுப்பெல்லாம் அவர்களுக்கே என்று பேசினால் நீ அந்த மூன்றாவது நாற்காலியில்தான் உட்காருகிறாய்.

‘இல்லை’ என்பதை எப்படி நிரூபிப்பது என்று கேட்பாய். முடியும். தரையில் குடம் இல்லை என்று எப்படிச் சொல்கிறோம்? இருந்தால் கண்ணில் பட்டிருக்கும், படவில்லை, ஆகவே இல்லை. 7-ஆம் நூற்றாண்டு பௌத்தர் தர்மகீர்த்தி இதற்கு ஒரு வரம்பு வைத்தார்: இருந்தால் புலப்பட்டே தீரும் பொருளுக்குத்தான் இது பொருந்தும். பிசாசைப் போல இயல்பிலேயே கண்ணுக்குப் படாதது என்று சொல்லப்படுகிற ஒன்றை, காணவில்லை என்பதை மட்டும் வைத்து இல்லை என்றுவிட முடியாது. உன் தயாரிப்பு முழுவதும் இந்த வரம்பைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். வேண்டுதலுக்கு இரங்குகிறவர், எல்லாம் வல்லவர், எல்லா உயிர்மேலும் அன்பு கொண்டவர் என்று சொன்னால், அப்படி ஒருவர் இருந்தால் உலகம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். புற்றுநோயில் சாகும் குழந்தையை எடுத்துவைத்துப் பேசலாம். அதற்கு அவர்கள் வினை என்பார்கள், இறைவனின் விளையாட்டு என்பார்கள், அவற்றுக்கும் பதில் தயாரிக்க வேண்டும். அது உழைப்பு. உலகத்தில் எதிலும் தலையிடாத, எந்தக் குணமும் சொல்ல முடியாத ஒன்று என்று அவர்கள் சொன்னால், “எனக்கு ஏற்கக் காரணம் கிடைக்கவில்லை” என்று சொல்லி நிறுத்திக்கொள். ‘இல்லை’ என்று அங்கே சத்தியம் செய்யாதே.

பொறுப்பு முழுக்க எதிராளியிடம் இருக்கும் இடமும் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூரை நினைத்துக்கொள். அற்புதம் செய்வதாகச் சொல்கிறவர்களுக்கு அவர் லட்ச ரூபாய்ச் சவால் விட்டார். பட்டியலில் ஒன்று: மூடி ஒட்டிய உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்க வேண்டும். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. என்ன செய்தால் வெற்றி, என்ன செய்தால் தோல்வி என்று இரு தரப்புக்கும் முன்பே தெரிகிற சோதனை அது. விபூதி வரவழைப்பவர், நோய் தீர்க்கிறேன் என்று காசு வாங்குபவர், தன் வேதத்தைச் சொல்லி அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தையோ சாப்பாட்டையோ தடுப்பவர், இவர்களிடம் விடாமல் கேள். அடுத்தவர் வாழ்க்கையில் கை வைக்கிறவர் காரணம் காட்டித்தான் ஆக வேண்டும். விடியற்காலையில் கோலம் போட்டு விளக்கேற்றும் உன் பாட்டி யாருக்கும் எதையும் நிரூபிக்கக் கடமைப்பட்டவள் இல்லை. அவளை மேடைக்கு இழுக்காதே.

ஒரு வேலை செய். எதிரணித் தலைவரை இப்போதே கூப்பிட்டு, எந்தக் கடவுளை, எந்த வழியில் நிறுவப்போகிறீர்கள் என்று கேட்டுவிடு. நீ எதை மறுக்கப்போகிறாய் என்பதையும் அவரிடம் சொல். நடுவரிடமும் இதைத் தெரிவித்து, இரு அணியும் தத்தம் பொறுப்பை முதல் இரண்டு நிமிடத்தில் அறிவிக்கலாமா என்று கேள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். உன்னுடைய அந்த இரண்டு நிமிடத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு. குழந்தையின் நோயைப் பற்றிய பகுதிக்கு வினைக்கொள்கைக்காரர் என்ன பதில் சொல்வார் என்பதையும் நீயே எழுதி, கூட வைத்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்