யார்னும் த்ரெட்டும்



பொருள் நெருங்கிய ஆங்கிலச் சொற்கள் பலவும் குழப்பம் தருவதற்குக் காரணம், தமிழில் அவற்றுக்கு ஒரே சொல் போதும் என்பதுதான். யார்ன், த்ரெட் இரண்டுமே நூல். அகராதியைப் புரட்டினாலும் நூல் என்றே இருக்கும். ராஜபாளையத்து நூற்பாலைக்குள் போனால் வேறுபாடு விளங்கிவிடும்.

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். இன்று ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். அங்கே பஞ்சைச் சுத்தம் செய்து, இழையாக நீட்டி முறுக்கி, கோனில் சுற்றி அனுப்புவது யார்ன். அது தறிக்கோ பின்னலாடை எந்திரத்துக்கோ போய்த் துணியாகும். அதன் நுண்மைக்குக் கவுண்ட் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ, அத்தனை கவுண்ட். 40-ஐ விட 100 மெல்லியது. தையற்காரர் ஊசியில் கோப்பது த்ரெட். ஊசிக்காதில் உராய்ந்தாலும் அறாதபடி, பெரும்பாலும் இரண்டு மூன்று யார்ன்களைச் சேர்த்து முறுக்கி வழவழப்பாக்கிச் செய்வது அது. சட்டைக்குப் பித்தான் தைக்க வேண்டியது த்ரெட்தான்.

அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்கிறார்கள். மருந்துக் கட்டு என்று பொதுவாகச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். புண்ணின் மேலேயே படுவது டிரெஸ்ஸிங்; அது நழுவாமல் சுற்றிக் கட்டுவது பேண்டேஜ். காயமின்றிச் சுளுக்கிய கணுக்காலுக்குப் பேண்டேஜ் மட்டும் போதும்.

உயரத்துக்கு வருவோம்; அதற்கும் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம், அகலத்தைவிட உயரம் மிகுந்து நிமிர்ந்து நிற்பதால் டால். அகன்று கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை ஹை. கோபுர உச்சியிலுள்ள கலசத்தைத் தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது சிறியதுதான். ஆனால் இருக்குமிடத்தால் அதுவும் ஹை.

அந்த மலைக்காட்டுக்கும் இரண்டு பெயர்கள். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் அமைந்தது சான்க்சுவரி. மேகமலையோடு சேர்த்து 2021-இல் அறிவிக்கப்பட்டது டைகர் ரிசர்வ். சான்க்சுவரி என்பது வனவிலங்குகளுக்கான காப்பிடம். டைகர் ரிசர்வில், புலிக்கென்று விட்ட உட்பகுதி கோர்; அதைச் சூழ்ந்து, மக்கள் வாழ்வுக்கும் இடம் தருவது பஃபர். பழைய சான்க்சுவரி இந்த ரிசர்வுக்குள் அடங்கியிருப்பதால், அணில் வாழும் அதே மரத்தடிக்கு இரண்டு சொல்லும் பொருந்தும்.