சைடு வீல் வண்டி: நம்புவதும் நடப்பதும்

"ரெண்டு பக்கமும் வீல் இருக்கே, எப்படி விழும்?" புதிதாகச் சைடு வீல் வண்டி வாங்குகிற எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். சக்கரம் மாட்டித் தரும் பட்டறைக்காரர் சொல்வார், அப்பா சொல்வார், எதிர்வீட்டுக்காரரும் சொல்வார். கால்கள் பாதிக்கப்பட்டவர்கள் ஓட்டுவதற்காகப் பின்சக்கரத்தின் இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய கியர் இல்லாத ஸ்கூட்டரைத்தான் சொல்கிறேன். எண்ணினால் நான்கு சக்கரம் வரும்; ஊரில் பலருக்கும் அது மூணு சக்கர வண்டிதான். அதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் முதலில் உடைக்க வேண்டியது இந்த "விழாது" என்பது.

நிற்கும்போது விழாது, உண்மை. திரும்பும்போது விழும். சாதாரண ஸ்கூட்டர் வளைவில் உள்பக்கமாகச் சாய்ந்து, வெளியே தள்ளும் விசையைச் சமாளித்துக்கொள்கிறது. சைடு வீல் அந்தச் சாய்வைத் தடுத்துவிடுகிறது. வண்டி நிமிர்ந்தபடியே திரும்ப, ஓட்டுபவரின் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் அகலம். தரையில் இந்த வண்டி நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல். ஆட்டோ ஏன் வளைவில் ஒரு பக்கம் தூக்குகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, அதே முக்கோணம்தான்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 80 செ.மீ., ஆள் உட்கார்ந்த நிலையில் எடையின் மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரம், அந்த மையம் வண்டியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டர் ஆரமுள்ள ஒரு தெருமுனையில் திரும்பினால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தை ஒட்டியே உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். உலர்ந்த சாலையில் டயர் வழுக்குவதற்கு முன்பே இது நடந்துவிடும் என்பதால் முன்னறிவிப்பும் கிடைக்காது. வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வளைவுக்குள் போனபிறகு பதறி பிரேக் பிடித்தால் இன்னும் மோசம், ஏனென்றால் எடை முன்னோக்கி, முக்கோணத்தின் குறுகிய முனைக்கு ஓடுகிறது. ஆகவே வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைத்துவிட்டு, அதன்பிறகு திரும்ப வேண்டும். இடுப்புக்கு மேல் வலு இருப்பவர்கள் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்தால் ஓரளவு உதவும். அப்படிச் சாய முடியாதவர்கள் இன்னும் மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

"டூ வீலர் ஓட்டத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

விஷயம்தான். சொல்லப்போனால், இரண்டு சக்கரம் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான் இதில் முதலில் தடுமாறுகிறார்கள். சாய்த்துத் திருப்பிப் பழகிய உடம்பு, சாயாத வண்டியோடு மல்லுக்கட்டும். இங்கே ஹேண்டில்பாரைக் கையால் வலித்துத்தான் திருப்ப வேண்டும். நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த சாலையில் இரண்டு சக்கர வண்டி நேராகவே நிற்கும். இது சாலையோடு சேர்ந்து இடப்பக்கம் சரிந்து, ஹேண்டிலையும் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். நெடுந்தூரம் போனால் வலத் தோள் கடுக்கும்.

தங்கையின் வண்டியைச் சர்வீசுக்கு எடுத்துப் போகும் அண்ணன்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. வண்டி சாய்வதுபோலத் தோன்றியதும் கால் தானாகத் தரைக்குப் போகும். பல வருடப் பழக்கம் அது. ஊன்றிய காலுக்குச் சற்றே பின்னால் உருண்டு வருவது பக்கச் சக்கரம். பாதமோ கணுக்காலோ அதனடியில் மாட்டிக்கொள்ளும். கால் இரண்டும் கால்பலகையை விட்டு இறங்கவே கூடாது.

பள்ளமும் அப்படித்தான். ஸ்கூட்டர் சாலையில் ஒரே தடம் போடும். இது மூன்று தடம் போடுகிறது. முன்சக்கரம் குழியைத் தப்பித்துவிட்டது என்று நிம்மதியடைவதற்குள் பக்கச் சக்கரம் அதே குழியில் இறங்கும். வேகத்தடையை எல்லோரும் ஓரமாக, கோணலாக ஏறிக் கடப்பார்கள். இந்த வண்டியில் கோணலாக ஏறினால் ஒரு பக்கச் சக்கரம் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் நிற்க, நடுவில் இருக்கும் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது. தள்ளிவிட யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பக்கச் சக்கரங்களைச் சற்றுத் தாழ்வாகவோ, ஷாக் அப்சார்பர் இல்லாமல் விறைப்பாகவோ பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை அடிக்கடி வரும். வேகத்தடையை நேராக, மூன்று தடமும் ஒரே சமயத்தில் ஏறும்படி மெதுவாகக் கடப்பதே சரி.

இந்த அந்தரத் தொங்கலை வெறும் அசௌகரியம் என்று விட்டுவிட முடியாது. இணைப்புச் சக்கரங்களில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. வண்டியின் பிரேக் இருப்பது பழைய இரண்டு சக்கரங்களில் மட்டும். நடுச்சக்கரம் தரையைத் தொடாத அந்த நொடியில் பின்பிரேக் பிடித்தும் பயனில்லை. "சக்கரம் அதிகம், அதனால் சீக்கிரம் நிற்கும்" என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். கூடியிருப்பது எடைதான், பிரேக் கூடவில்லை. அதனால் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி, ஸ்கூட்டரில் விடுவதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். இந்த வண்டியைப் பற்றி நம் ஊரில் கைமாறி வரும் அனுபவ அறிவெல்லாம் பெரும்பாலும் போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட தலைமுறையிடமிருந்து வந்தது. அவர்கள்தான் ஓட்டிப் பார்த்து, விழுந்து, எழுந்து, அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். இந்தியாவில் காட்டுவகைப் போலியோ கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. இன்று புதிதாக வண்டிக்கு வருபவர்களில் சாலை விபத்திலோ, மரத்திலிருந்தும் சாரத்திலிருந்தும் விழுந்தோ முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் நிறைய. வண்டி ஒன்றுதான், உடம்பு வேறு. போலியோ தசையை இயக்கும் நரம்பைத்தான் பாதிக்கிறது, தொடு உணர்வு அப்படியே இருக்கும். சுட்டால் தெரியும், அழுத்தினால் வலிக்கும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்குக் காயத்துக்குக் கீழே பலசமயம் எதுவும் தெரியாது.

"நான் இருபது வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல" என்று மூத்தவர் ஒருவர் மனதாரச் சொல்லும் தைரியம் முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். மே மாதம் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியின் கறுப்பு இருக்கையில் மூத்தவர் உட்காரும்போதே "அப்பா!" என்று எழும்புவார். உணர்வில்லாதவர் உட்கார்ந்து வீடுவரை ஓட்டிப் போவார். மாலையில் உடை மாற்றும்போதுதான் தோல் கொப்பளித்திருப்பதை வீட்டில் யாராவது பார்ப்பார்கள். சைலன்சர் பக்கமாகக் கால் சரிந்தாலும் இதே கதை. தசை இறுக்கம் வந்து கால் உதறினால் பாதம் பலகையிலிருந்து நழுவித் தரையில் உரசும், அதுவும் தெரியாது. ஆகவே இருக்கைமேல் எப்போதும் ஒரு துணி உறை, உட்காரும் முன் உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம், பாதங்களைப் பலகையோடு பிடித்துவைக்கும் வார்ப்பட்டை, வெறுங்காலில் ஓட்டாமல் மூடிய ஷூ, இத்தனையும் வேண்டும்.

சதைப்பற்றில்லாத பிட்டத்தில் எலும்பு அழுத்திப் புண் வந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். அத்தனை மாதமும் குப்புறப் படுக்கை, வேலை போச்சு, வருமானம் போச்சு. வேலூர் சி.எம்.சி.யில் 1966இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வு மையத்திலும் அதுபோன்ற பிற மையங்களிலும் சக்கர நாற்காலிக்காரர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று, கைகளை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கி அழுத்தத்தை விடுவிப்பது. வண்டியிலும் அதே பாடம்தான். ஓடும் வண்டியில் அதைச் செய்ய முடியாது. அரை மணிக்கு ஒருமுறையாவது ஓரமாக நிறுத்தி, தூக்கி, சற்று நேரம் பொறுத்துத்தான் கிளம்ப வேண்டும். ஸ்கூட்டரின் சொந்த இருக்கை இதற்கு ஆகாது. நாற்காலிக்கு வாங்கிய மெத்தையை மருத்துவரிடம் கேட்டு, வழுக்காமல் கட்டிப் பயன்படுத்தலாம். மெத்தை ஏறினால் உயரமும் ஏறும், உயரம் ஏறினால் வளைவில் கவிழும் வாய்ப்பும் ஏறும். இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சட்டம் பற்றிய நம்பிக்கைகள் இரண்டு கோடியிலும் நிற்கின்றன. ஒரு பக்கம், "மாற்றுத்திறனாளி வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை, போலீஸ் பிடிக்க மாட்டார்கள்." மறுபக்கம், "கால் இல்லாதவனுக்கு ஆர்.டி.ஓ. எப்படி லைசென்ஸ் தருவார்?" இரண்டும் தவறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய வண்டிக்குத் தனி வகை உரிமமே வைத்திருக்கிறது. முன்பு ஊனமுற்றோர் வண்டி என்று இருந்த பெயரை 2019 திருத்தம் மாற்றி, தகவமைக்கப்பட்ட வாகனம் என்று ஆக்கியது. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து எல்.எல்.ஆர். எடுத்து, பழகி, அப்படிப்பட்ட வண்டியிலேயே ஓட்டிக் காட்டினால் உரிமம் உண்டு. இன்ன ஊனம் என்பதற்காக மட்டும் ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது. இந்த வண்டியை ஓட்டத் தகுதி இருக்கிறதா என்பதுதான் அதிகாரி பார்க்க வேண்டியது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் எல்லோரையும் போல 5,000 ரூபாய் அபராதம்.

சக்கரம் மாட்டியதோடு வேலை முடிந்துவிடாது. வண்டியின் அமைப்பை மாற்றினால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், ஆர்.சி.யில் அது ஏற வேண்டும். அங்கீகாரம் பெற்ற சைடு வீல் கிட்தானா என்று பட்டறையில் கேட்டு, சான்றின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தெருமுனை வெல்டிங் கடையில் இரும்புக் குழாயை வளைத்துச் செய்வது மலிவுதான்; ஆனால் பற்றவைத்த இடம் விட்டுப்போனால் வண்டி ஓடும்போதுதான் விடும். இப்படிப் பதிவான வண்டிக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு இருக்கிறது. கிட்டின் மீதான ஜி.எஸ்.டி.யும் 2021இல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

"அரசு கொடுத்த வண்டி, இன்சூரன்ஸ் அவர்கள் பாடு" என்றொரு நினைப்பும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை விலையில்லாமல் வழங்குகிறது. முதன்மையாக, இரு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நன்றாக இயங்குபவர்களுக்கு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி கைக்கு வந்தபின் அது உங்கள் பெயரில் இருக்கும் வண்டி. காப்பீட்டுக் காலம் முடியும் தேதியை நீங்கள்தான் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். புதிய இரு சக்கர வண்டிகளுக்கு 2018 செப்டம்பர் முதல் மூன்றாம் நபர் காப்பீட்டை 5 ஆண்டுக்குச் சேர்த்து எடுப்பதால், அந்த 5 ஆண்டு முடிவதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. சொந்தமாக வாங்கிச் சக்கரம் மாட்டியவர்கள் அந்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியில் ஏற்றிக்கொள்வது அவசியம். மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

வீட்டில் எல்லோரும் எடுத்து ஓட்டலாமா? தகவமைக்கப்பட்ட வாகனம் என்பது அந்த நபரால் அல்லது அந்த நபருக்காக மட்டுமே பயன்படுத்தப்படுவது என்று சட்டம் சொல்கிறது. அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது வேறு, தம்பி அதில் நண்பர்களோடு சினிமாவுக்குப் போவது வேறு. பத்தாவது முறை தம்பி கேட்கும்போதும் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

ஹெல்மெட் எதற்கு, விழத்தான் மாட்டோமே என்பவர்கள் மேலே சொன்ன தெருமுனைக் கணக்கை மறுபடி படிக்கலாம். பெண்கள் ஓட்ட முடியாது, வெளியூர் போக முடியாது என்பவற்றுக்குப் பதில் எழுதக்கூடத் தேவையில்லை. காலையில் எந்தக் கலெக்டர் அலுவலக வாசலிலும் நின்று பார்த்தால் போதும்.

மூன்று சக்கரம் என்றாலே பின்னால் இரண்டு என்பதும் ஒரு பழக்க நினைப்புதான். இத்தாலியின் பியாஜியோ 2006இல் கொண்டுவந்த எம்.பி.3 ஸ்கூட்டரில் முன்னால் இரண்டு சக்கரம், அவை வண்டியோடு சேர்ந்து சாயவும் செய்யும். கனடாவில் 2007இல் வந்த கேன்-ஆம் ஸ்பைடரிலும் இரண்டு முன்னால்தான், ஆனால் சாயாது. பிரேக் பிடிக்கும்போது எடை அகலமான பக்கத்துக்குப் போவதால் இந்த அமைப்பில் கவிழும் பயம் குறைவு. நமக்கு நெருக்கமானது சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோபோல்ட். சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார் பொருத்திய ஒற்றைச் சக்கரத்தை மாட்டினால் நாற்காலியே மூன்று சக்கர வண்டியாகிவிடும். உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ. நாற்காலியிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து நாற்காலிக்கும் மாறி உட்காரும் பாடு இதில் இல்லை என்பது பெரிய நிம்மதி.

அந்த மாறி உட்காரும் நேரத்தில்தான் சைடு வீல் வண்டியின் மற்றொரு குணம் தெரியவரும். தானாக நிற்கிற வண்டி, ஆகவே நகராது என்று நினைப்போம். கியர் வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்திவிடலாம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜினை அணைத்தாலும் சக்கரம் தாராளமாக உருளும். வாசல் சரிவில் ஒரு கை இருக்கையிலும் ஒரு கை நாற்காலியிலுமாக உடம்பை நகர்த்துகிற பொழுதில் வண்டி ஒரு சாண் பின்னால் போனால் போதும், ஆள் இரண்டுக்கும் நடுவே விழுவார். சில ஸ்கூட்டர்களில் இடப்பக்க பிரேக் லிவரை அழுத்திப் பூட்டும் சிறு கொக்கி இருக்கிறது. இல்லாத வண்டிக்கு லிவரை ஹேண்டிலோடு இறுக்கும் ஒட்டுப்பட்டை ஒன்று போதும். சுற்றி இறுக்கி, வண்டியை முன்னும் பின்னும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.