டைட்டில் பாட்டு ஏன் மறப்பதில்லை?

எட்டு வரிச் செய்யுளைப் பத்து நாள் படித்தும் பாதியில் நின்றுவிடும் மாணவர், தொலைக்காட்சித் தொடரின் டைட்டில் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார். இது நாம் எல்லோரும் கண்டதுதான். "பாட்டுன்னா மட்டும் எப்படி ஏறுது?" என்று கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்தக் கேள்விக்கு உண்மையாகவே விடை தேடினால் நம் வகுப்பறைக்குப் பயன்படும் செய்திகள் கிடைக்கின்றன. எம். புதுப்பட்டியில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களோடு நான் அந்த விடைகளைத் தேடினேன். கிடைத்ததைக் கொண்டு நாங்கள் ஒரு பாட்டும் கட்டினோம். அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வீட்டில் தொடங்கிய தேடல்

எங்கள் ஊர் சிவகாசிப் பட்டாசுத் தொழில் பகுதியில் இருக்கிறது. பெற்றோர் பலருக்குப் பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ வேலை. காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார்கள். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்குத் துணை பாட்டிகளும் தொலைக்காட்சியும்தான். அதனால் தேடலை வீட்டிலிருந்தே தொடங்கினோம். "வீட்டிலும் தெருவிலும் மூன்று பெரியவர்களிடம் கேளுங்கள். வானொலியிலோ தொலைக்காட்சியிலோ கேட்டு இன்றும் மறக்காத பாட்டு எது, இசை எது? ஏன் மறக்கவில்லை?" இதுதான் வீட்டுப்பணி.

மாணவர்கள் கொண்டுவந்த விடைகளை வயது வாரியாகக் கரும்பலகையில் எழுதினோம். தாத்தா பாட்டிகள் பலர் வானொலி நிலையம் தொடங்கும்போது வரும் இசையைச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. செக் நாட்டிலிருந்து வந்து பம்பாய் வானொலியில் பணியாற்றிய வால்டர் காஃப்மன் 1936இல் சிவரஞ்சனி ராகத்தில் அமைத்த இசை அது. அடுத்து வந்தது தூர்தர்ஷனின் அடையாள இசை. அதை அமைத்தவர் சிதார்க் கலைஞர் பண்டிட் ரவிசங்கர். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பின்னாளில் கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' தொடருக்காக வைரமுத்து எழுதி, வி.எஸ். நரசிம்மன் இசையில் சித்ரா பாடிய பாட்டை அந்தக் காலத்து நேயர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள்.

அம்மாக்கள் சொன்ன பெயர்கள் வேறு. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி வந்தது. 1999 இறுதியில் தொடங்கிய 'சித்தி'யும், 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யும் பட்டியலில் முதலிடம் பிடித்தன. 'சித்தி' பாட்டு வைரமுத்து எழுதி, தினா இசையமைத்து, நித்யஸ்ரீ மகாதேவன் பாடியது. கச்சேரி மேடைக்குரிய குரல் ஒவ்வோர் இரவும் நடுவீட்டில் ஒலித்தது.

மாணவர்கள் தங்களுக்கென எழுதியவற்றில் தொடர்ப் பாட்டுகளைவிட விளம்பரப் பாட்டுகளே அதிகம். கைப்பேசியில் தொடர் பார்ப்பவர்கள் தொடக்கப் பாட்டைத் தள்ளிவிட்டு நேரே கதைக்குப் போகிறார்கள். விளம்பரத்தை அப்படி எளிதாகத் தள்ள முடிவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்பதுதான் நினைவில் தங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

நினைவில் நிற்கும் காரணங்கள்

பட்டியலை வைத்துப் பேசியபோது ஐந்து காரணங்கள் தெளிவாயின.

1. இடைவெளி விட்டுத் திரும்ப வருதல். வாரம் ஐந்து நாள் வரும் தொடர் என்றால் ஓராண்டில் ஏறக்குறைய 260 முறை அதன் பாட்டு காதில் விழும். ஒரே நாளில் 260 முறை கேட்டால் இந்தப் பயன் கிடைக்காது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே இதை ஆய்ந்து எழுதினார். படித்தது முதலில் வேகமாக மறந்துபோகும். ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட நாள்களில் பரப்பிப் படித்தால் நன்றாக நிற்கும். நம் செய்யுள் பாடமோ ஒரு வாரம் ஓங்கி ஒலித்துவிட்டுத் தேர்வு வரை மௌனமாகிவிடுகிறது.

2. குறித்த நேரம். பாட்டு கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததாக ஒரு மாணவியின் அம்மா சொல்லியிருந்தார். பாட்டே கடிகாரமாகிவிட்டது. அந்த நேரம் வந்தால் பாட்டும் நினைவுக்கு வரும்.

3. அளவு. பெரும்பாலான டைட்டில் பாட்டுகள் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். பள்ளியிலும் இப்படி ஒரு பாட்டு உண்டு என்று மாணவர்களே சொன்னார்கள்: தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரனார் எழுதி, எம்.எஸ். விசுவநாதன் இசையமைத்தது. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, மோகன ராகத்தில், மும்மை நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. குறித்த நேரம், குறைந்த அளவு, நாள்தோறும் திரும்ப வருதல் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன.

4. அடுத்த வரிக்குக் கைகாட்டும் ஓசை. அடிகளின் முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, இறுதி ஒன்றி வந்தால் இயைபு என்று நாம் இலக்கணமாக நடத்துகிறோம். இவை அழகுக்கு மட்டும் அல்ல. ஒரு வரி முடியும்போது அடுத்த வரி எந்த ஒலியில் தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்லித் தருகின்றன. ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்திருப்பதும் இந்த உதவியைத்தான் செய்கிறது. 'சித்தி' பாட்டின் தொடக்கச் சொற்கள் இரண்டு முறை அடுக்கி வருவதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

5. ஒரே மெட்டு மீண்டும் வருதல். 1994இல் வாண்டா வாலஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். பாட்டாகக் கேட்ட வரிகள் பேச்சாகக் கேட்டவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. ஆனால் எல்லாப் பத்திகளுக்கும் ஒரே மெட்டு இருந்தபோதுதான் அந்தப் பயன் கிடைத்தது. பத்திக்கொரு மெட்டு போட்டால் மெட்டையும் சேர்த்துக் கற்க வேண்டியதாகி, சுமை கூடுகிறது.

எங்கள் ஊருக்கு ஒரு பாட்டு

இந்த ஐந்தையும் வைத்து ஒரு பாட்டு கட்டுவோம் என்றதும், எதைப் பற்றி என்ற கேள்வி எழுந்தது. ஒருபோதும் மறக்கக் கூடாதது எதுவோ அதைப் பற்றித்தான் என்று முடிவு செய்தோம். எங்கள் ஊரில் அது எது என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை. தெருவில் கிடக்கும் வெடிக்காத வெடியைப் பிள்ளைகள் எடுத்துப் பிரிப்பதும், மருந்தைக் கொட்டிக் கொளுத்திப் பார்ப்பதும் இங்கே நடக்கக்கூடியவை. பெற்றோர் வேலையில் இருக்கும் மாலை நேரத்தில் ஒரு பிள்ளைக்குத் தீக்காயம் பட்டால், முதல் சில நிமிடங்கள் பக்கத்தில் இருப்பது இன்னொரு பிள்ளைதான்.

"டீச்சர், சுட்டா மை ஊத்தணும்னு எங்க அம்மாச்சி சொல்லுது" என்றாள் ஒரு மாணவி. மஞ்சள், பற்பசை என்று பட்டியல் நீண்டது. முதலுதவிச் செய்திகளை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டோம். பிறகு குழுக்களாக உட்கார்ந்து வரிகளை எழுதி, ஓசை பார்த்து மாற்றினோம். தாலாட்டு மெட்டு வேண்டாம், தூக்கம் வந்துவிடும் என்று சொல்லி, கும்மிக்குக் கைதட்டும் ஓசையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தொடாதே தொடாதே, வெடிக்காத வெடியை!
விடாதே விடாதே, தம்பியை அதன்கிட்டே!
ஓடாதே ஓடாதே, உடையில் தீ பட்டால்!
உருண்டிடு உருண்டிடு, தரையிலே படுத்து!
சுட்ட இடத்தில் கொட்டு, சுத்தமான தண்ணீர்!
கொட்டு கொட்டு கொட்டு, இருபது நிமிடம்!
மையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம்!
நூற்று எட்டு, நூற்று எட்டு, உடனே கூப்பிடு!

இரண்டாம் வரியில் 'தம்பி' வந்தது ஒரு மாணவர் சொன்னதால். "நாங்க தொட மாட்டோம் டீச்சர். ஆனா தம்பி ஓடிப்போய் எடுத்துடுவான்" என்றார் அவர். எதுகைக்கும் அந்த வரி பொருந்தியது. பெரியவர் ஒருவர் தள்ளி நின்று வெடிமேல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையும் சேர்க்க விரும்பினோம். ஆனால் பாட்டு நீண்டுவிடும் என்பதால் அதை வகுப்பில் பேச்சாகவே வைத்துக்கொண்டோம். காலை வழிபாட்டுக்குப் பின் ஒரு முறை, மாலை மணி அடிக்கும் முன் ஒரு முறை என்று பாடினோம்.

பாட்டு செய்யாத வேலை

ஒரு மாதத்துக்குப் பிறகு பாட்டு எல்லோருக்கும் வந்துவிட்டது. அப்போது நான் இடையிலிருந்து கேள்வி கேட்டேன். "எத்தனை நிமிடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்?" பலர் உதட்டுக்குள் முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டே வந்து, ஆறாம் வரியில்தான் விடை சொன்னார்கள். பாட்டில் கற்றது சங்கிலி போன்றது. முதல் கண்ணியைப் பிடித்தால்தான் ஆறாவது கைக்கு வரும். கை வெந்து அழும் தம்பியின் முன்னால் நிற்கும் பிள்ளைக்கு முதலிலிருந்து பாட நேரம் இருக்காது.

ஆகவே மெட்டைக் கழற்றிவிட்டுப் பயிற்சி செய்தோம். வரிகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டோம். "சட்டையில் தீப்பிடித்துவிட்டது, நீ என்ன செய்வாய்?" என்று சூழலைச் சொல்லி நடித்துக் காட்டச் செய்தோம். ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்' கேட்டோம். ஏன் ஓடக் கூடாது? ஓடினால் காற்று பட்டுத் தீ வளரும். ஏழாம் வகுப்பு மாணவர்கள் இதை எரிதல் பற்றிப் படித்ததோடு இணைத்தார்கள். ஏன் இருபது நிமிடம்? தீயை விட்டு விலகிய பிறகும் சதைக்குள் வெப்பம் தங்கிக் காயத்தை ஆழமாக்கும். ஏன் மை வேண்டாம்? காயத்தின் ஆழத்தை மருத்துவர் பார்க்க முடியாமல் போகும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்கள் பாடிக் காட்டினார்கள். பாட்டு முடிந்ததும் மேற்சொன்ன மூன்று 'ஏன்'களையும் பெற்றோரிடமே கேட்டார்கள். மை பற்றிய கேள்விக்கு விடை சொல்லப் பெரியவர்கள் தயங்கியபோது, அம்மாச்சியின் பேத்திதான் எழுந்து விளக்கினாள்.

உங்கள் வகுப்பில் செய்து பார்க்க

• வீட்டுப்பணியிலிருந்து தொடங்குங்கள். பெரியவர்களின் பாட்டு நினைவுகளைத் தொகுப்பது நல்ல மொழிப் பயிற்சி.
• உங்கள் ஊரில் மறக்கக் கூடாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடற்கரைப் பள்ளிக்கு அலையும் புயலும், வயல்வெளிப் பள்ளிக்குப் பாம்புக்கடியும் மின்னலும் பொருளாகலாம். தொடக்க வகுப்புகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒன்றே போதும்.
• எட்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரே மெட்டு போதும். வரித் தொடக்கத்தில் எதுகையோ மோனையோ இருக்கட்டும். மாணவர்கள் பேசும் சொற்களே பாட்டில் வரட்டும்.
• முதலுதவி, பாதுகாப்புச் செய்திகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ காட்டிச் சரிபார்த்த பிறகே பாட வையுங்கள். பிழையாக மனத்தில் பதிந்த பாட்டைத் திருத்துவது மிகக் கடினம்.
• முதல் மாதம் நாள்தோறும், அடுத்த மாதம் வாரம் இருமுறை, பிறகு மாதம் ஒருமுறை பாடுங்கள். விடுமுறை முடிந்து வந்ததும் மீண்டும் ஒருமுறை பாடுங்கள்.
• மதிப்பீட்டின்போது பாடச் சொல்லாதீர்கள். மெட்டில்லாமல், வரிசை மாற்றி, சூழலைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே தயங்கும் மாணவருக்குத்தான் நம் அடுத்த வகுப்பு.