தண்ணீரில் பூச்சிமருந்து... கொதிக்க வைத்தால் போய்விடுமா?

"டாக்டர், தண்ணியை நல்லா கொதிக்க வெச்சுத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறேன். பூச்சிமருந்தும் போயிடும் இல்லையா?" எம்.கே.பி. நகர் தாய்மார்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இது.

கொதிக்க வைத்தால் காலரா, டைபாய்டு கிருமிகள் செத்துப்போகும். பூச்சிமருந்து என்ன கிருமியா, சாவதற்கு? அதில் பெரும்பாலானவை தண்ணீரிலேயே தங்கிவிடும். தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கொஞ்சம் கூடவும் செய்யலாம். கலங்கல் தெளிய நாம் தேற்றான்கொட்டையை உரைத்து விடுகிறோமே, அது சேற்றைத்தான் படிய வைக்கும். கரைந்த பூச்சிமருந்துக்கு அதை நம்பாதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்.

2003-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பாட்டில் தண்ணீரிலேயே பூச்சிமருந்து இருப்பதாக வெளியிட்டது நினைவிருக்கும். அதன்பின் பாட்டில் தண்ணீருக்கு வரம்பு கடுமையானது. லிட்டருக்கு ஒரு மருந்து 0.0001 மில்லிகிராம், எல்லாம் சேர்ந்து 0.0005. இத்தனூண்டுக்கு ஏன் பயம்? டி.டி.டி. போன்றவை உடல் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். தாய்ப்பாலிலும் இறங்கும்.

இதைப் பிடிக்க விஞ்ஞானிகள் நாடும் பொருள்களில் ஒன்று சிலிக்கா. மணலில் இருப்பது அதுதான். எங்கள் மருந்துப் பெட்டியிலுள்ள மூங்கிலுப்பும் பெரும்பாலும் அதுவே! நெல் உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. 1992-ல் மோபில் நிறுவன விஞ்ஞானிகள் தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட சிலிக்காவை அறிவித்தார்கள். ஒரு கிராம் தூளின் துளைச் சுவர்களை விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர். நம்ம கணக்கில் நாலு கிரவுண்டுக்கும் மேலே!

ஆனால் வெறும் சிலிக்கா தண்ணீரோடுதான் ஒட்டும். பல பூச்சிமருந்துகளோ எண்ணெய்த்தன்மை உள்ளவை. அதனால் துளைச் சுவரில் எண்ணெய்த்தன்மையுள்ள மூலக்கூறுகளைப் பதிக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டுகிற மாதிரி மருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். இது பெரும்பாலும் ஆய்வுக்கூட வேலை. அடுப்புச் சாம்பலைப் போட்டு வடிகட்டிப் பார்க்காதீர்கள்.

நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் வேறு வழியில் போனார்கள். வெள்ளி, தங்கத்தின் மிக நுண்ணிய துகள்களைக் கொண்டு எண்டோசல்பான், குளோர்பைரிபாஸ் போன்றவற்றை நீக்கினார்கள். 2007-ல் அது வீட்டு ஃபில்டராகக் கடைக்கே வந்தது.

உங்கள் வீட்டுக்கு? வெறும் கேண்டில் ஃபில்டரும், புற ஊதா விளக்கும் இதற்குப் போதாது. கிளர்வூட்டிய கரி உள்ள ஃபில்டர் பல பூச்சிமருந்துகளைப் பிடிக்கும். கரி நிரம்பிவிட்டதை நாக்கும் சொல்லாது, மூக்கும் சொல்லாது. எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதோ, அதற்குள் மாற்றிவிடுங்கள். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால் "பூச்சிமருந்தும் பாருங்க" என்று தனியாகச் சொல்லுங்கள். சாதாரணச் சோதனையில் அதைப் பார்ப்பதில்லை.