ஒரே பானைத் தண்ணீர்

மேற்கு வங்காளத்தில் நதியா என்று ஒரு மாவட்டம். கங்கையின் கிளை ஆறுகள் கொண்டு வந்த வண்டல் மண் பூமி. அங்கே தை மாதம் நெல் நடுகிறார்கள். சித்திரையில் அறுக்கிறார்கள். இந்த நெல்லுக்குப் போரோ என்று பெயர்.

தை மாதத்தில் அங்கே மழை குறைவு. பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மண்ணுக்கு அடியிலிருந்து வருகிறது.

ஆடி, ஆவணியில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்குகிறது. மணலின் இடுக்குகளில் தங்குகிறது. இதுவே நிலத்தடி நீர். இந்த நீர் மேலாக இருந்தால் இரண்டு நன்மைகள்.

ஒன்று: செலவு குறைவு. சிறிய குழாய்க் கிணறும் சிறிய பம்பும் போதும்.

இரண்டு: விளக்குத் திரியைப் பாருங்கள். கீழே உள்ள எண்ணெயைத் திரி மேலே இழுக்கிறது. மண்ணும் அப்படித்தான். நீர் வேருக்கு அருகில் இருந்தால் மண் அதை மேலே இழுக்கும். பயிர் குடிக்கும்.

ஆனால் எல்லோரும் ஒரே பானையில் மொள்ளுகிறோம். மழை நிரப்புவதைவிட அதிகமாக மொண்டால் பானை வற்றும்.

தரையில் வைத்த பம்பு சுமார் 25 அடி ஆழம் வரைதான் நீரை உறிஞ்சும். நீர் அதற்கும் கீழே போனால் என்ன ஆகும்? பணம் உள்ளவர் ஆழமாகக் குழாய் இறக்குவார். நீர்மூழ்கி மோட்டார் வைப்பார். ஏழை விவசாயி குழி தோண்டிப் பம்பை இறக்குவார். குழிக்குள் டீசல் பம்பு ஓடினால் புகை தேங்கும். அது உயிரைப் பறிக்கும். இல்லையென்றால் அவர் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி உண்டு. நம் விவசாயிகள் அதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள்.

ஓர் அடி நீளக் குழாயில் சுற்றிலும் துளை போடுங்கள். அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வயலில் புதையுங்கள். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். இப்போது மண்ணுக்குள் நீர் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

நட்டு இரண்டு வாரம் ஆன பின், நீர் அரை அடி கீழே இறங்கும் வரை பொறுக்கலாம். பிறகு பாய்ச்சினால் போதும். வேருக்கு நீர் எட்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும்.

ஒருவர் மட்டும் செய்தால் பானை நிறையாது. ஊரே சேர்ந்து செய்ய வேண்டும்.

பேசுவோம்

1. உங்கள் ஊரில் இப்போது எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கிறது? முன்பு எத்தனை அடியில் கிடைத்தது? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.
2. நீர் கீழே போனால் முதலில் யாருக்குக் கஷ்டம்? ஏன்?
3. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: திரி எண்ணெயை இழுப்பது போல ______ நீரை மேலே இழுக்கிறது.